முதல் ஞாயிறு, கட்டணமில்லை

மொபீல் நகரத்து மழை
யாரையும் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை.
வெயிலோடு பெய்யும்.
கார்க் கதவு திறக்கும் நேரம் பார்த்துப் பெய்யும்.

மாதத்தின் முதல் ஞாயிறு
குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் கிடையாது.
பத்து மணிக்குத்தான் கதவு.
ஒன்பதரைக்கே வரிசை
தெருமுனை மருந்துக்கடையைத் தொட்டுவிட்டது.
தள்ளுவண்டிகள், சொட்டும் குடைகள்,
ஒருத்தியின் இடுப்பில்
ஒற்றைச் செருப்போடு ஒரு குழந்தை.
பின்னால் நின்றவளிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்:
"இது முடிந்ததும் போர்க்கப்பல்.
உள்ளே போனால்தான் காசு.
பாலத்தில் மெதுவாகப் போனால்
முழுக் கப்பலும் தெரியும்."

எனக்கு இரண்டாம் மாடியில் வேலை.
குழந்தை உயரத்துக்கு ஒரு மளிகைக்கடை.
பிளாஸ்டிக் தக்காளி, மரத்தில் முட்டை,
காலிப் பால் டப்பா,
எதை நீட்டினாலும் பீப் என்னும் கல்லா.
ஐந்து மணிக்கு மேல்
தக்காளியைத் தக்காளியோடு சேர்க்கவேண்டும்.
கத்தரிக்காய் டைனோசர் வாயிலிருந்து கிடைக்கும்.
ரொட்டியை, பெரும்பாலும்,
மாலுமி அறையின் சுக்கானில் தேடவேண்டும்.

அன்று கல்லாவில் மஞ்சள் மழைக்கோட்டுப் பையன்.
சட்டையில் ஒட்டிய தாளில் டெஸ்மண்ட் என்று இருந்தது,
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல்
காலர் பக்கம் ஏறியிருந்தது.
ஆன்ஸ்லி என்றொரு சிறுமி
வண்டி நிறையச் சாமானோடு வந்தாள்.
பீப். பீப். திராட்சை, கேக், பால்,
வாத்து மாதிரி ஏதோ ஒன்று, பீப்.
அட்டையை நீட்டினாள்.

பையன் அதைத் தேய்த்தான்.
திரை இருக்கவேண்டிய இடத்தில் ஒட்டியிருந்த
காகிதத்தைப் பார்த்தான்.
இன்னொரு தடவை தேய்த்தான்.
பிறகு குனிந்து,
அடுத்தவருக்குக் கேட்காத குரலில் சொன்னான்:
"ஓடவில்லை, மேடம்.
எதை எடுத்துவிடட்டும்?"

"இது விளையாட்டு அட்டை," என்றாள் அவள்,
"எப்போதும் ஓடும்."

"வெள்ளிக்கிழமை வரை ஓடாது."

அவனே எடுத்தான்.
முதலில் கேக்.
அடுத்து திராட்சை.
கொஞ்சம் யோசித்து, வாத்து.
பாலில் கை வைக்கவில்லை.
எது முதலில் போகும், எது போகவே போகாது என்று
அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

தூணோரம் நின்ற அவன் அம்மா
கைப்பையைத் திறந்து
எதையோ தேடினாள்,
தேடிக்கொண்டேயிருந்தாள்.

அழுவாள் என்று நினைத்தேன் ஆன்ஸ்லியை.
அவளோ கண் விரியக் கேட்டாள்:
"நான் கல்லாவில் இருக்கட்டுமா? எனக்கும் ஓடாமல் போகட்டுமா?"

அதற்கப்புறம் தொற்றிக்கொண்டது.
அரை மணி நேரத்தில் கடையில் எவர் அட்டையும் ஓடவில்லை.
ஒருவன் தர்பூசணியைத் திருப்பித் தந்தான்.
ஒருத்தி முட்டைகளை எண்ணிப் பாதியாக்கினாள்.
தத்தித் தத்தி வந்த ஒன்று
எதையும் எடுக்காமலே
எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தது.
ஒரே சிரிப்பு, ஒரே கும்பல்.
பக்கத்துத் தீயணைப்பு வண்டியில் ஈ ஓட்டினார்கள்.

ஆன்ஸ்லியின் அப்பா என்னிடம் வந்தார்.
மெல்லிய நீலச் சட்டை, நனையாத காலணி.
"இதுவும் உங்கள் காட்சியில் ஒரு பகுதியா?"

"இல்லை, சார்," என்றேன்.
"வந்தவர்கள் கொண்டுவந்தது."

ஐந்து மணி.
மழை நின்றதா என்று கேட்க யாருமில்லை.
தக்காளிகள் பதினாறு, ஒன்று குறைகிறது.
கல்லாவுக்குக் கீழே கை விட்டேன்.
ஒரு கூடை.
உள்ளே கேக், திராட்சை, வாத்து,
நசுங்காதபடி அடுக்கி,
மேலே ஒரு காகிதத் துண்டு.
எழுத்து இல்லை, மஞ்சள் மெழுகில் ஒரு கோடு,
யாருடையதோ என்று சொல்வதற்கு.

எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துவிட்டுத்தான்
விளக்கணைக்கவேண்டும் என்பது சட்டம்.
தக்காளியை வைத்தேன். ரொட்டியை வைத்தேன்.
கூடையைக் காலால் இன்னும் கொஞ்சம்
உள்ளே தள்ளினேன்.

திங்கள் எங்களுக்கு விடுமுறை.
வெள்ளிக்கு இன்னும் நாள் இருக்கிறது.